செம்பருத்தியில் மாவுப்பூச்சி: எறும்பைத் தடுத்த பிறகே தீர்ந்தது

தொட்டியில் வளர்த்த செம்பருத்தியில் மொட்டுகள் விரியாமலே உதிர ஆரம்பித்தன. நுனி இலைகள் சுருண்டிருந்தன. காம்பு இடுக்குகளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி.

தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். சில நாளில் திரும்ப வந்தது. வேப்பெண்ணெயை வெறும் தண்ணீரில் ஊற்றித் தெளித்தேன், எண்ணெய் தனியாக மிதந்ததால் பலனே இல்லை. சோப்புத் திரவம் சேர்த்தால்தான் அது தண்ணீரோடு கலக்கும். 5 மி.லி. வேப்பெண்ணெயில் 2 மி.லி. சோப்புத் திரவத்தை முதலில் குழைத்து, 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்தேன். வெயிலில் தெளித்தால் இலை கருகும் என்பதால் மாலையில் மட்டும், இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி அடித்தேன். முட்டைகள் பிறகு பொரிக்குமே, அதனால் 7 நாளுக்கு ஒருமுறை, 4 வாரம்.

அப்படியும் முழுசாகப் போகவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தண்டில் ஏறி இறங்கும் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கும். தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடும்.

சரி என்று, அகலத் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றி, தட்டில் தண்ணீர் நிரப்பினேன். சுவரைத் தொட்ட கிளைகளை வெட்டினேன். இல்லையென்றால் அதுவே பாலமாகிவிடும். தட்டில் கொசு பெருகாமல் இருக்க 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எறும்பு நின்றது, பொறிவண்டு வந்தது. இப்போது வரும் துளிர்கள் சுருளாமல் விரிகின்றன.