பூல் டேபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்டக்காரர்களுக்கு

ஸ்டிக்கால் பந்தை அடித்து டேபிள் ஓரத்துப் பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டத்துக்கு நம்ம ஊர் பார்லர்களில் நடுவர் கிடையாது. கபடிக்கு விசில் ஊத ஒருவர் இருப்பார். டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்குக்கூட ஓரமாக ஒரு பையனை நிற்க வைப்போம். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு மாடி அறையில் பூல் ஆடும்போது, எதிரெதிரே நிற்கும் இருவரும்தான் ஆட்டக்காரர்கள், அவர்களேதான் நடுவர்கள். பார்லரில் வரும் சண்டைகளில் முக்கால்வாசி இதை மறந்துபோவதால்தான் வருகின்றன.

பெரிய தவறு, விதி பேசாமல் ஆட்டத்தைத் தொடங்குவது. கறுப்பு நிற எட்டாம் பந்தைக் கடைசியாகப் போடும் எட்டுப் பந்து ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கால் அடிக்கும் வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தால் ஒரு பார்லரில் எதிராளிக்கு இரண்டு ஷாட் என்பார்கள். இன்னொன்றில் டேபிளின் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் வைத்து ஆடச் சொல்வார்கள். உலக பூல் விதிப்படி, பிரேக் (அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் ஷாட்) முடிந்து ஆட்டம் நடக்கும்போது ஃபவுல் செய்தால், எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து டேபிளில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். பிரேக்கிலேயே கறுப்பு விழுந்தால் சில இடங்களில் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். உலக விதியில் அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. வெள்ளை விழாதவரை, கறுப்பை அதன் இடத்தில் வைத்துத் தொடரலாம், இல்லையென்றால் மறுபடி பிரேக் செய்யலாம். அதேபோல் பிரேக்கில் ஒரு ஸ்ட்ரைப் (பட்டை போட்ட பந்து; முழு நிறப் பந்து சாலிட்) விழுந்ததும் "எனக்கு ஸ்ட்ரைப், உனக்கு சாலிட்" என்று அங்கேயே பிரித்துவிடுகிறோம். அதுவும் சரியில்லை. பிரேக்குக்குப் பிறகு டேபிள் இருவருக்கும் பொது. அதற்கப்புறம் முறையாகப் போடும் பந்துதான் யாருக்கு எது என்று முடிவு செய்யும்.

எந்த விதியில் ஆடினாலும் ஆடலாம். ஆனால் தோற்றவர்தான் டேபிள் காசு கட்ட வேண்டும் என்ற வழக்கம் இருக்கும் இடத்தில், கடைசிப் பந்துக்கு வந்த பிறகு விதி பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். பந்துகளை முக்கோணச் சட்டத்தில் ரேக் அடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஃபவுலுக்கு என்ன? கறுப்பு எந்த பாக்கெட்டில் விழும் என்று முன்கூட்டியே சொல்லணுமா? சட்டை பட்டு ஒரு பந்து நகர்ந்தால் ஃபவுலா, இல்லையா? அரை நிமிடப் பேச்சு போதும். பூலுக்குப் பங்காளியான ஸ்நூக்கருக்கு விதி எழுதி 1882இல் மாட்டி வைத்தது நம்ம ஊட்டி கிளப்பில்தான். அப்படி ஒரு தாளை எழுதி ஒவ்வொரு பார்லர்காரரும் சுவரில் ஒட்டினால் எவ்வளவோ வாய்த்தகராறு குறையும்.

ஸ்நூக்கரும் பூலும் ஒரே அறையில் நடப்பதால் இன்னொரு குழப்பமும் வருகிறது. வெள்ளை இன்னொரு பந்தோடு ஒட்டி நின்றால், ஸ்நூக்கரில் அந்தப் பந்து அசையாதபடி வெள்ளையை விலக்கித்தான் அடிக்க வேண்டும். பூலில் ஒட்டியிருக்கும் பந்தை நோக்கியே அடிக்கலாம், தவறில்லை. ஸ்நூக்கர் டேபிளிலிருந்து வருபவர் இதை ஃபவுல் என்று சாதிப்பார். எதிராளிக்கும் தெரியாததால் விட்டுக்கொடுத்துவிடுவார்.

ஒட்டாமல், ஆனால் மிக நெருக்கமாக நிற்கும்போதுதான் உண்மையான சிக்கல். இடையில் விரல் அகலம்கூட இல்லை, ஆனாலும் பலர் வழக்கம்போல ஸ்டிக்கை நேராக நீட்டி அடிக்கிறார்கள். ஸ்டிக்கின் நுனியான டிப் வெள்ளையைத் தள்ளுகிறது, வெள்ளை எதிர்ப் பந்தில் மோதி வேகம் இழக்கிறது, முன்னே வந்துகொண்டிருக்கும் டிப் அதை மறுபடி தொட்டுவிடுகிறது. இது ஃபவுல். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பந்துகள் காட்டிக்கொடுத்துவிடும். நேராக மோதிய வெள்ளை தன் வேகத்தை அடுத்த பந்துக்குக் கொடுத்துவிட்டுக் கிட்டத்தட்ட நின்றுபோக வேண்டும். அப்படி நிற்காமல், எதிர்ப் பந்துக்குப் பின்னாலேயே அதே வேகத்தில் ஓடினால் இரண்டு முறை பட்டிருக்கிறது என்று அர்த்தம். தப்பிக்க வழி உண்டு. ஸ்டிக்கின் பின்பக்கத்தைத் தூக்கி, மேலிருந்து சின்னதாகக் குத்தி, உடனே நிறுத்துங்கள். இல்லையென்றால் நேராகப் போகாமல் பந்தின் ஓரத்தை மட்டும் மெல்லியதாக உரசுங்கள். பட்டுவிட்டது என்று கைக்குத் தெரிந்தால் எதிராளி கேட்பதற்கு முன் நீங்களே "ஃபவுல்" என்று சொல்லிவிடுங்கள். நடுவர் இல்லாத அறையில் ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதை இதில்தான் இருக்கிறது. நூறு பந்து போட்டாலும் இது இல்லாதவரோடு இரண்டாவது முறை ஆட யாரும் விரும்ப மாட்டார்கள்.

அடுத்து, மார்க்கரிடம் நடந்துகொள்ளும் விதம். ரேக் அடுக்கி, துணியைத் துடைத்து, ஸ்கோர் பார்க்கும் அவரைப் புதிதாக வருகிறவர்கள் "டேய், பந்தை எடு" என்று ஏவுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வரும். அந்த டேபிளில் எந்த குஷன் (பந்து பட்டுத் திரும்பும் ரப்பர் விளிம்பு) மந்தம், எந்தப் பக்கம் பந்து லேசாகச் சாயும் என்பது அவருக்குத்தான் தெரியும். பல பார்லர்களில் அந்த அறையிலேயே நன்றாக ஆடுகிறவரும் அவர்தான். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போய், "அண்ணா, ஸ்க்ரூ ஷாட் எப்படி அடிக்கிறீங்க?" என்று, வெள்ளையைப் பின்னே இழுக்கும் அந்த அடியைக் கேளுங்கள். கோச்சிங் இல்லாத ஊரில் நமக்குக் கிடைக்கும் நல்ல பள்ளிக்கூடம் அதுதான்.

எதிராளி குனிந்து குறி பார்க்கும்போது அந்த பாக்கெட்டுக்குப் பின்னால் நிற்காதீர்கள். பக்கத்து டேபிள்காரர் ஏற்கெனவே குனிந்துவிட்டால் அவர் அடிக்கும்வரை காத்திருங்கள். பெஞ்சிலிருந்து "மச்சி, சைடு கொடுத்து அடி" என்று யோசனை சொல்லாதீர்கள்.

காசு வைத்து ஆடுவதைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடலாம். தோற்றவர் டேபிள் காசு கட்டுவது வேறு, ஐநூறு ஆயிரம் என்று பந்தயம் கட்டுவது வேறு. பந்தயம் நுழைந்த அறையில் நன்றாக ஆடுகிறவர் தன் ஆட்டத்தை மறைக்கத் தொடங்குகிறார், கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிடுகிறார். "அந்தக் கடைப் பக்கம் போகாதே" என்று வீட்டில் சொல்வதற்கும் இதுதான் காரணம். சிகரெட்டும் அப்படித்தான். பொது இடத்தில் புகைக்கத் தடை வந்து பல வருடம் ஆகிறது. இன்னும் அதைக் கண்டுகொள்ளாத அறைகள் இருக்கின்றன. ஒரு பொறி விழுந்தால் துணி போயிற்று, அது ஒரு பக்கம். அந்தப் புகைக்கும் கூச்சலுக்கும் நடுவே ஒரு பெண்பிள்ளை எப்படி வந்து ஆடுவாள்? சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டம் வென்றார். நம் மாவட்டங்களிலும் அப்படி ஒருத்தி வளர வேண்டுமென்றால் முதலில் அவள் உள்ளே வந்து உட்காரும்படி அறை இருக்க வேண்டும்.

டேபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம் என்றாலும், நல்ல டேபிளின் துணிக்கு அடியில் இருப்பது ஸ்லேட் கல். கல்தானே என்று விளிம்பில் ஏறி உட்காராதீர்கள், மட்டம் கெடும். டிப் வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் கட்டியை டிப்பில் வைத்துத் துளை போடுவதுபோலத் திருகாமல் லேசாகத் தடவினால் போதும். அதை நீலப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்தால் விளிம்பில் ஒட்டும், அங்கிருந்து கைக்கும் துணிக்கும் போகும். சொந்த ஸ்டிக் வைத்திருப்பவர்கள் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள், மரம் வளைந்துவிடும்.

ஓசூர் பையன்களுக்கு பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். பல முறை உலக சாம்பியனான பங்கஜ் அத்வானி பயிற்சி பெற்ற கர்நாடக பில்லியர்ட்ஸ் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அங்கெல்லாம் போட்டிக்குப் போகும் நம்மவர்கள் பந்து போடுவதில் பின்தங்குவதில்லை, வெள்ளையை நிறுத்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள். பார்லரில் காசு கொடுத்த ஒரு மணி நேரத்தையும் ஃபிரேம் (முழு ஆட்டம்) ஆடியே தீர்த்துவிட்டால் அது வராது. கால் மணி நேரமாவது ஒரே நேர் ஷாட்டை வைத்து, வெள்ளையை மோதிய இடத்திலேயே நிறுத்தவும், முன்னே விடவும், பின்னே இழுக்கவும் பழகுங்கள். பிரேக்கையும் முழு பலத்தில் அடிக்காதீர்கள். வெள்ளை டேபிளை விட்டுப் பறந்தால் அதுவும் ஃபவுல்தான்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே விதித்தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். நடுவர் இல்லாத மேட்சில், எதிராளியின் ஃபவுலை அடுத்த ஷாட்டுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டால் அது நடக்காததாகவே கணக்கு. ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணுள்ள பந்துகளோடு ஆடும் ஒன்பது பந்து ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் அந்த ரேக்கே, அதாவது அந்த ஆட்டமே, போய்விடும். ஆனால் இரண்டாவது ஃபவுலிலேயே "உங்களுக்கு இரண்டு ஆகிவிட்டது" என்று எதிராளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு மூன்றாவதில் ரேக்கைக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.