காளான் வாங்குவது முதல் வறுப்பது வரை: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

காளானின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். சீக்கிரம் கெட்டுப்போவது, வாணலியில் கொழகொழவென்று ஆவது, சத்தைப் பற்றிய மிகைப் பேச்சு எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை பட்டன் காளான், சிப்பிக் காளான், பால் காளான். பட்டனுக்குக் குளிர் வேண்டும். ஊட்டி போன்ற மலைப்பகுதிகளிலோ குளிரூட்டிய கூடங்களிலோதான் விளையும். பால் காளான் நம் வெயிலையே தாங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை 1998-ல் வெளியிட்டது. கிடைத்தால் இதையே வாங்குங்கள். தண்டு கெட்டியாக, சதைப்பற்றோடு இருக்கும்; மற்ற இரண்டையும்விட அதிக நாள் தாங்கும்.

பட்டன் டப்பாவை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் பழசு. குடையின் அடியில் மூடியிருக்க வேண்டிய மெல்லிய சவ்வு கிழிந்து கறுப்பு மடிப்புகள் தெரிந்தால், பறித்து நாளாகிவிட்டது அல்லது முற்றிவிட்டது. லேசான பழுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். பளீரென்ற வெண்மைக்காகச் சில இடங்களில் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் கழுவுவதுண்டு, எனவே வெண்மை மட்டுமே புதுசுக்கு அடையாளமல்ல. தொட்டால் வழுவழுப்பு, முகர்ந்தால் புளித்த வாடை இருந்தால் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பட்டன் மூன்று, நான்கு நாள் தாங்கும். சிப்பியை இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். கழுவி வைக்கக் கூடாது. சமைக்கும்போது ஓடும் தண்ணீரில் மண் போகுமட்டும் தேய்த்து, உடனே துணியில் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இனி மிளகு வறுவல். 200 கிராம் பட்டன் காளானைத் தண்டோடு நான்காக வெட்டுங்கள். சிப்பி என்றால் அடிக்கட்டையை நீக்கி, நார் வாக்கில் கையால் கிழிக்கலாம். அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயும் உப்பும் இல்லாமல் காளானை ஒரே அடுக்காகப் பரப்பி, பெருந்தீயில் வையுங்கள். மூடி போடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் விடும். ஐந்தாறு நிமிடத்தில் அது வற்றி, சலசலப்பு நின்று, ஓரங்கள் பொன்னிறமாகும். அப்போதுதான் இறக்கித் தனியே வைக்க வேண்டும். அதே வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பத்து சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, காளானைச் சேருங்கள். ஒரு தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி சீரகமும் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவி, கடைசியில் உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் தண்ணீர் மொத்தமாக வெளியேறி, காளான் வறுபடாமல் வேகத் தொடங்கும். அரைக் கிலோவை ஒரே தடவையில் கொட்டினாலும் இதே கதிதான். நேரம் கொஞ்சம் கூடினாலும் கவலையில்லை: செல்சுவரில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருப்பதால் காய்கறி மாதிரிக் குழைந்துவிடாது.

சத்து விஷயத்தில் ‘சைவர்களின் இறைச்சி’ என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். 100 கிராம் பச்சைக் காளானில் புரதம் 3 கிராம் அளவுதான். ஒரு முட்டையின் புரதத்துக்கு 200 கிராம் டப்பா முழுதும் சாப்பிட வேண்டும். உலர்ந்த எடைக்குச் சொல்லும் சதவீதத்தைப் பச்சைக் காளானுக்குப் பொருத்துவதால் வரும் குழப்பம் இது. காளானின் நிஜமான பலம் வேறு: 100 கிராமில் 22 கலோரிதான், பொட்டாசியமும் ரைபோஃபிளேவின், நியாசின் ஆகிய பி வைட்டமின்களும் உண்டு. நறுக்கிய காளானை உச்சி வெயிலில் அரை மணி நேரம் பரப்பி வைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருளில் ஒரு பகுதி வைட்டமின் டி2 ஆக மாறும். செலவில்லாத வேலை, அவசியம் செய்யுங்கள். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்குப் பிறகு முளைக்கும் காளானை, என்ன வகை என்று தெரியாமல் பறிக்காதீர்கள். விஷக் காளானா என்று அறிய, வெள்ளி நாணயம் கறுக்கிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதுவும் நம்பத்தக்கதல்ல. சில விஷக் காளான்களில் உள்ள அமாட்டாக்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. அது உடலில் போனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நடுவில் சரியானது போலத் தோன்றும்போதே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் காத்திருக்காமல், மீதமுள்ள காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.