புது வீட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லையா? டைல்ஸை உடைக்காதீர்கள்

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோன வீடு. ஐப்பசி அடைமழை பிடித்ததும் கழிவறையில் தண்ணீர் இறங்க மறுக்கும். மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் பக்கம் வயலை மனையாக்கிக் கட்டிய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டுக்காரர் உடனே க்ளோசெட்டைக் குறை சொல்லி, டைல்ஸை உடைக்க ஆள் கூப்பிடுகிறார். அடைபடுவது க்ளோசெட்டில் தெரிகிறது, அவ்வளவுதான். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

தேடலைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். செப்டிக் டேங்குக்கு முன்னால் குழாய் வந்து சேரும் சிறு தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்துவிட்டு, உள்ளே ஒருவரை ஒரு வாளித் தண்ணீரை க்ளோசெட்டில் வேகமாக ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் தடையில்லாமல் சேம்பருக்கு ஓடிவந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. ஃப்ளஷ் டேங்கைத்தான் பார்க்க வேண்டும். சேம்பர் காய்ந்து கிடக்க, க்ளோசெட்டில் தண்ணீர் ஏறினால் நடுவில் அடைப்பு. சேம்பரே தளும்பி நின்றால் கோளாறு அதற்கும் அப்பால், டேங்கிலோ, டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழியான சோக் பிட்டிலோ இருக்கிறது.

நம் டெல்டாவில் தளும்பி நிற்பதுதான் பெரிய தலைவலி. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, சுற்றிலும் சம்பா வயல் தேங்கி நிற்க, அதற்கு மேல் பருவமழையும் சேர்ந்தால் ஊற்று தரையை ஒட்டி ஏறிவிடும். மண்ணும் களி. உறை இறக்கிய சோக் பிட் அப்போது தண்ணீரை உறிஞ்சாது. வெளித் தண்ணீர்தான் அதற்குள் வரும். அந்த நேரத்தில் லாரி வைத்து உறிஞ்சுவது காசுக்குப் பிடித்த கேடு. இன்று காலி செய்தால் நாளையோ மறுநாளோ பழைய மட்டத்துக்கு வந்துவிடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் அவ்வளவு தண்ணீர் செலவாகியிருக்காது. அப்படியென்றால் ஊற்று உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அடைமழையில் டேங்கை முழுக்கக் காலி செய்தால் வெளி அழுத்தத்தில் சுவரில் விரிசல் விழலாம், லேசான டேங்க் மேலே எழும்பவும் செய்யும்.

சித்திரையில் குழி தோண்டி, காய்ந்த மண்ணைப் பார்த்து அளவு வைப்பதால் வரும் வினை இது. டேங்கிலிருந்து வெளியேறும் குழாய் ஐப்பசி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில், ஆழக் குழிக்குப் பதிலாக மணலும் ஜல்லியும் போட்டு மேடாக்கிய படுகைக்குள் கழிவுநீரை விடுவது உதவும். டேங்க் மட்டமே தாழ்ந்திருந்தால் இடையில் ஒரு சிறு பம்பு தேவைப்படும். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை டேங்குக்குள் இறக்காதீர்கள். உள்ளே நிற்கும் விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

போன வருடம் ஒரு வீட்டுப் பெரியம்மா, "தம்பி, க்ளோசெட்டையே மாத்தியாச்சு, அதுலயும் இறங்கலப்பா" என்றார். மூன்று பாட்டில் ஆசிட் வேறு ஊற்றியிருந்தார்கள். சேம்பரைத் திறந்தால் பொட்டு ஈரம் இல்லை. மூங்கில் பிளாச்சை விட்டுப் பார்த்தேன். நாலடியில் மெத்தென்று முட்டியது. வளைத்த கம்பியால் இழுத்தபோது சுருட்டிய சிமெண்டுச் சாக்கு ஒன்று, சிமெண்டுப் பால் ஊறி ஓரமெல்லாம் இறுகிப்போய் வெளியே வந்தது. கட்டும்போது கல் விழாமலிருக்கக் குழாய் வாயில் சாக்கை அடைப்பார்கள். எடுக்க மறந்தால், அது உள்ளே போய்விடும். இதற்கு ஆசிட் என்ன செய்யும்? டேங்கில் கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிரைக் கொல்லும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சுப்புகையும் கிளம்பும்.

சாக்கு இல்லை, ஆனாலும் அடிக்கடி அடைக்கிறது என்றால் வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவைச் சந்தேகியுங்கள். 4 அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் வேண்டும். கொட்டிய மணலை நனைத்துக் கெட்டிக்காமல் குழாய் பதித்தால், மண் அமுங்கும்போது நடுவில் தொய்ந்து கழிவு தேங்கும். ஃப்ளஷ் செய்யும்போது பக்கத்தில் தரைத் தண்ணீர் இறங்கும் நாணி டிராப் 'குளுக்' என்றால் காற்றுக் குழாய் இல்லை, அல்லது அடைபட்டிருக்கிறது. மாடிக்குப் போய் அதன் வாயைப் பாருங்கள். அங்கேயும் சாக்கு இருக்கலாம்.

ஃப்ளஷ் டேங்க் மெதுவாக நிரம்பினால், சுவரில் இருக்கும் சிறு குழாய்த் திருகான ஆங்கிள் காக்கைத் தாண்டி வால்வுக்குள் இருக்கும் சல்லடையில் மணலும் பைப் தூளும் சேர்ந்திருக்கும். புது வீட்டில் சகஜம், கழுவினால் போதும். டேங்கில் சொட்டு நீலம் நாலு துளி விட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். க்ளோசெட்டில் நீலம் இறங்கினால் அடி ரப்பரில் கசிவு. அப்புறம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் மாடிக் கழிவறை நாறினால் பிளம்பரைத் தேட வேண்டாம். நாற்றத்தைத் தடுக்க டிராப் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். வாரம் ஒரு சொம்பு ஊற்றிவையுங்கள்.