ஜப்பானியத் தட்டச்சில் சொல் தப்பாகப் பிரிந்தால்

விண்டோஸில் ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்துகளில்தான் அடிக்கிறேன். அடிக்க அடிக்க ஹிரகானா, அதாவது ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து வரும்; ஸ்பேஸ் தட்டினால் காஞ்சியாக, அதாவது பொருளைக் குறிக்கும் சீன எழுத்தாக மாறும். தொல்லை நீண்ட வாக்கியங்களில்தான். ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எங்கே வெட்டுவது என்று மென்பொருளே ஊகிக்கிறது. 'கொகொதெஹகிமொனொ' என்று அடித்தேன். எனக்கு வேண்டியது 'இங்கே காலணி'. திரையில் வந்தது 'இங்கே கிமோனோ'. இரண்டுக்கும் அதே எழுத்துகள், 'ஹ' எந்தப் பக்கம் சேர்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அழிக்கவே வேண்டாம். என்டர் தட்டுவதற்கு முன் ஷிஃப்டோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் முதல் துண்டு ஓர் எழுத்து சுருங்கும், வலது அம்புக்குறி நீட்டும். எல்லை சரியானதும் மறுபடி ஸ்பேஸ், அப்புறம் என்டர். காலணி வந்துவிட்டது! நீளமாக எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விசை இல்லை என்பேன். பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்து வேண்டுமென்றால் எஃப்7 போதும்.