பற்களும் ஈறுகளும் நலமாக இருக்க உண்பதும் குடிப்பதும்: தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பல் சொத்தை என்றதும் "இனிப்பைக் குறையுங்கள்" என்ற அறிவுரைதான் முதலில் வருகிறது. அது சரியான அறிவுரைதான். ஆனால் எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை சாப்பிடுகிறோம், அது எவ்வளவு நேரம் வாயில் தங்குகிறது என்பவையும் பற்களின் நிலையைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் திருத்துவது பலருக்கும் எளிது என்பதால், செய்முறையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பற்களின் மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலத்தால் பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான வெளி உறையான எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. சர்க்கரை பட்ட சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும் இந்த அளவு, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்பது 1940-களில் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் அளவீடுகளிலிருந்தே அறியப்பட்ட செய்தி. அமிலத்தை முறித்து, இழந்த தாதுக்களை எனாமலில் மீண்டும் சேர்ப்பது உமிழ்நீர். அந்த வேலைக்கு அதற்கு இடைவெளி வேண்டும்.

முதல் படி: மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்

வாயில் போகும் எல்லாவற்றையும், நேரத்தோடும் முடிக்க ஆன நிமிடங்களோடும் எழுதுங்கள். சமைக்கும்போது சுவை பார்த்தது, இருமலுக்கு எடுத்த இனிப்பு மருந்து, தொண்டைக்குச் சப்பிய மாத்திரை ஆகியவையும் இதில் சேரும். மூன்றில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருப்பது நல்லது, ஏனெனில் கொறிப்பது அன்றுதான் அதிகம்.

இரண்டாம் படி: சர்க்கரை பட்ட முறைகளை எண்ணுங்கள்

ஒருவரின் குறிப்பு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: காலை 7 மணிக்குச் சர்க்கரை போட்ட காபி, 8.30-க்கு உணவு, 10 மணிக்கு பிஸ்கட், 11 முதல் 12 வரை மேசையில் வைத்துச் சிறிது சிறிதாகப் பருகிய பழச்சாறு, 1 மணிக்கு உணவு, 3 மணிக்குச் சாக்லேட், 4.30-க்குத் தேநீர், 8 மணிக்கு உணவு, படுக்கும் முன் 10 மணிக்குச் சர்க்கரை கலந்த பால். மொத்தத்தில் சர்க்கரை மிக அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் பற்கள் ஒன்பது முறை அமிலத்தில் நனைந்திருக்கின்றன. அதிலும் அந்த ஒரு தம்ளர் பழச்சாறு, ஐந்து நிமிடத்தில் குடித்திருந்தால் ஒரே தாக்குதலோடு முடிந்திருக்கும்; ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் புதிதாகச் சுரந்ததால், முழுமையாக மீள ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

மூன்றாம் படி: இனிப்பை உணவு வேளையோடு சேருங்கள்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. உணவின்போது உமிழ்நீர் ஏற்கெனவே நன்றாகச் சுரந்துகொண்டிருப்பதால், அதே இனிப்பை உணவின் முடிவில் சாப்பிட்டால் சேதம் குறைவு. சுவீடனின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில் 1940-களின் நடுவில் தொடங்கி நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: உணவோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சற்றே கூடியது, உணவுக்கு இடையே ஒட்டும் டாஃபிகளைத் தின்றவர்களுக்கோ மிக அதிகமாகக் கூடியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளை, அவர்களுடைய ஒப்புதலின்றி, சொத்தை வரும் அளவுக்கு உண்ண வைத்த ஆய்வு அது. நமக்குக் கிடைத்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையை மறக்கக் கூடாது.

ஒட்டும் தன்மையைப் பற்றி இன்னும் ஒரு சொல். உலர் திராட்சையைச் சத்தான தின்பண்டம் என்று குழந்தைகளுக்கு நாள் முழுவதும் கொடுப்பவர்கள் உண்டு. தின்று முடித்த பின் கண்ணாடி முன் வாயைத் திறந்து கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். மேற்புறத்துக் குழிகளில் பழுப்புநிறக் கூழ் அடைந்திருப்பது தெரியும். மாவுப்பொருள் மிகுந்த பிஸ்கட்டும் அப்படியே அடைந்துகொள்கிறது. இடைவேளையில் பசித்தால் சர்க்கரை சேர்க்காத கொட்டை வகைகள், பாலாடைக்கட்டி, பச்சைக் காய்கறித் துண்டுகள் போன்றவை மேல்.

அளவைப் பொறுத்தவரை, உணவின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழம் சேராது.

நான்காம் படி: பானங்களை மாற்றுங்கள்

தாகத்துக்குத் தண்ணீரே போதும். கோலா பானங்களின் பிஎச் அளவு 2.5-ஐ ஒட்டியது, எலுமிச்சைச் சாறும் ஏறக்குறைய அதே அளவுதான். சர்க்கரை இல்லாத கோலாவும் அமிலமே என்பதால், அது சொத்தைக்கு வழிவகுக்காவிட்டாலும் எனாமலை நேரடியாக அரிக்கும். புளிப்பானதைக் குடித்தே ஆக வேண்டுமென்றால், வாயில் வைத்துக் கொப்பளிக்காமல் விரைவில் குடித்து முடித்து, உடனே தண்ணீரால் வாயை அலசுங்கள். அந்த நேரத்தில் எனாமலின் மேற்பரப்பு இளகியிருப்பதால், பல் துலக்க அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

ஐந்தாம் படி: இரவு துலக்கிய பின் தண்ணீர் மட்டும்

தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே ஃப்ளோரைடு பற்பசையால் துலக்கிய பிறகு, தண்ணீர் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் முதலில் கெடுவதும் இதனால்தான்.

ஆறாம் படி: ஈறுகளைத் தனியாகக் கவனியுங்கள்

உணவால் மட்டும் ஈறு நோயைத் தடுக்க முடியாது. ஈறு ஓரத்தில் தங்கும் படலத்தைத் துலக்கி அகற்றுவதே அதற்கான அடிப்படை. உணவு செய்யும் உதவி வேறு வகையானது. வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈற்றைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாமல், ஈறு வீங்கி இரத்தம் கசியும். ஆரஞ்சு, கொய்யா, குடைமிளகாய் ஆகியவற்றில் அந்த வைட்டமின் நிறைய உள்ளது. இரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விட்டால் வீக்கம் கூடும். மென்மையான தூரிகையால் ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் கசிவு நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அத்தனை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.