நாய்க்கு ஆபரேஷன், கையில் பணமில்லை: யாரிடம், எப்படிக் கேட்பது

தனியார் கிளினிக்கில் எஸ்டிமேட் தாளைக் கையில் கொடுத்ததும் பலர் முதலில் செய்வது, நாயின் படத்தைப் போட்டு "யாராவது உதவுங்கள் ப்ளீஸ்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது. அந்தச் செய்தி நாற்பது குழுக்களைச் சுற்றிவரும், கண்ணீர்விடும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வரும், பணம் மட்டும் வராது. எவ்வளவு வேண்டும், எந்த நாளுக்குள், யார் கணக்குக்கு என்ற மூன்றும் அதில் இருப்பதில்லை. அந்த மூன்றையும் எழுத வேண்டுமானால் முதலில் பில்லைக் குறைத்தாக வேண்டும்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டு அமைப்புகளின் பட்டியல்தான் கொட்டும். பிரிட்டனில் பி.டி.எஸ்.ஏ. என்ற அமைப்பு 1917 முதல் வசதியில்லாதவர்களின் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறது. அரசு உதவித்தொகை வாங்குகிறவரா, எந்தப் பகுதியில் வசிக்கிறார் என்று பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் அந்த அளவில் அப்படி ஒரு வாசல் இல்லை. இங்கே இருப்பவை மூன்று: அரசின் கால்நடை மருத்துவமனைகள், நன்கொடையில் ஓடும் டிரஸ்ட்கள், பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளங்கள். இதே வரிசையில்தான் போக வேண்டும். தலைகீழாகப் போகிறவர்கள் மூன்றாவதில் இரண்டு வாரத்தைத் தொலைத்துவிட்டு முதலாவதுக்கு வந்து சேர்கிறார்கள். அதற்குள் நோய் முற்றியிருக்கும்.

எத்தனை நாள் கையில் இருக்கிறது

டாக்டரிடம் முதல் கேள்வி இதுதான்: "இது எத்தனை நாள் தாங்கும்?" ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பெரிய ஜாதி நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் மணிக்கணக்குதான். குடும்பக் கட்டுப்பாடு செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் வைக்கும் பயோமெட்ராவும் அவசரமே. ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். நிறையத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, பின்னால் சீழ் கசியலாம், சிலதுக்குக் கசியாமலும் இருக்கும். பணத்துக்காக ஒரு வாரம் தள்ளினால் கருப்பை கிழிந்து, விஷம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வரை போய்விடும். உயிருக்கு ஆபத்து கூடுவதோடு பில்லும் இரண்டு மூன்று மடங்காகும்.

கண்புரை, முழங்கால் தசைநார் கிழிவு, மெதுவாக வளரும் கட்டி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அவகாசம் உண்டு. நிதி திரட்ட நேரம் இருப்பது இவற்றுக்குத்தான். அவசரம் என்றால் இருக்கிற காசோடு உடனே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வேண்டுகோளைப் போகிற வழியில் ஆட்டோவில் உட்கார்ந்து எழுதலாம்.

வேப்பேரி ஆஸ்பத்திரியும் அதன் உறவுகளும்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையை ஊரே வேப்பேரி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். கட்டணம் தனியாரில் ஆவதில் சிறு பங்குதான், அதற்கு வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். எலும்பு, கண், தோல் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நாய்களுக்கு டயாலிசிஸும் ரத்த வங்கியும் அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி ஆகிய இடங்களில் இந்தக் கல்லூரி சேர்ந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மற்றக் கல்லூரிகள் இருக்கின்றன. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடைக் கல்லூரி.

இங்கே கூட்டம் அதிகம், அதனால் காலையிலேயே போய்விட வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே, தடுப்பூசிப் புத்தகம், வாய்க்கூடு, ஒரு பழைய பெட்ஷீட், ரொக்கம். இருப்பில் இல்லாத மருந்தை வெளிக்கடையில் வாங்கிவரச் சொல்வார்கள், ரொக்கம் அதற்கு. பழைய ரிப்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அதே பரிசோதனைக்கு மறுபடி செலவாகும்.

பெரிய சிக்கல் வேறு. எல்லாப் பிராணியையும் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்காது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாள் டிரிப்ஸ் தேவைப்படலாம். தினம் கூட்டிப்போய் ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்படியென்றால் ஆட்டோ செலவையும் விடுப்பு எடுக்கும் நாள் கூலியையும் எஸ்டிமேட்டில் சேர்த்தே கணக்குப் போடுங்கள். டிரிப்ஸ் ஏற்றக் காலில் போட்ட வென்ஃப்ளான் ஊசிக்குழாயோடு குட்டி வீட்டுக்கு வரும். கட்டு நனையக்கூடாது, குட்டி கடித்துப் பிடுங்காமல் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கோன் மாட்டியிருக்க வேண்டும். கட்டுக்குக் கீழே பாதம் வீங்கினால் கட்டு இறுக்கம், மேலே வீங்கினால் ஊசி நரம்பைவிட்டு விலகியிருக்கலாம். இரண்டுக்கும் மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.

ரத்தம் ஏற்ற வேண்டிய நாய்க்குக் கொடை நாயைத் தேட நேரிடலாம். பொதுவாக 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயதுக்குள், தடுப்பூசி எல்லாம் போட்டு, மருந்து எதுவும் எடுக்காத நாய் வேண்டும். பக்கத்துத் தெரு லாப்ரடாரின் சொந்தக்காரரிடம் இதைக் கேட்பதும் உதவி கேட்பதுதான். பணம் தராதவர்கூட நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முக்கியமாக ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கானது. நகரத்தில் நாய்க்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தனியாரிலேயே பார்க்கிறீர்கள் என்றால்

எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்குங்கள், தனித்தனி வரியாக. ஓர் உதாரணம். ஆறு வயது, 18 கிலோ நாட்டு நாய், பயோமெட்ரா. மாதிரிக் கணக்கு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ரத்தப் பரிசோதனை 2,500, ஸ்கேன் 1,500, மயக்க மருந்தோடு அறுவை 18,000, நான்கு நாள் தங்கல் 10,000, மருந்து 6,000. மொத்தம் 38,000 ரூபாய்.

நேற்றுதான் வேறு கிளினிக்கில் ரத்தமும் ஸ்கேனும் பார்த்தாயிற்று, ரிப்போர்ட் இருக்கிறது. டாக்டர் ஒத்துக்கொண்டால் 4,000 போயிற்று. இரண்டு நாள் தங்கினால் போதுமா, மீதி நாள் காலையில் வந்து ஊசி போட்டுக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள்; நாய் தேறிவந்தால் பல டாக்டர்கள் சரி என்பார்கள், அதில் 5,000. மாத்திரைகளைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல் மருந்தின் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். வயிற்றுப் புண்ணுக்கான பேன்டோபிரசோல், வாந்திக்கான ஆன்டான்செட்ரான், உண்ணிக் காய்ச்சலுக்கு 28 நாள் வரை கொடுக்கும் டாக்சிசைக்ளின் எல்லாம் மனிதர்களுக்கும் தருகிற மருந்துகளே. பிரதமரின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். இதில் ஒரு 2,000 மிச்சம். ஆக 27,000. கையில் 12,000 இருக்கிறது. நீங்கள் ஊரிடம் கேட்க வேண்டியது 38,000 இல்லை, 15,000.

அளவை மட்டும் டாக்டரே எழுத வேண்டும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே எமன், நாய்க்கு இபுபுரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த வைத்தியச் செலவு தனி.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "இந்த டெஸ்ட்டில் எது வந்தாலும் மருந்து மாறுமா?" மாறாது என்றால் அதைத் தள்ளிப்போடலாமா என்று பேசலாம். பில்லில் பாதி இன்று, பாதி அடுத்த மாதச் சம்பளத்தில் என்று தவணை கேட்பதிலும் வெட்கம் வேண்டாம். முன்பே சொன்னால் பல இடங்களில் விடுவார்கள், ஆபரேஷன் முடிந்து கவுன்டரில் நின்று சொன்னால் சண்டைதான் வரும். நகைக்கடன் பரவாயில்லை. போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

டிரஸ்ட்களிடம் கேட்பது

நம்மூர் பிராணி நல அமைப்புகள் பெரும்பாலும் தெரு நாய், தெருப் பூனைகளுக்காகத் தொடங்கப்பட்டவை. 1959-இல் தொடங்கிய கிண்டி புளூ கிராஸும் அப்படித்தான். வளர்ப்புப் பிராணியின் உரிமையாளருக்குப் பணமாக யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. தங்கள் டாக்டரிடம் சலுகைக் கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள், அல்லது மருத்துவமனைக்கு நேராக ஒரு பகுதியைக் கட்டுவார்கள். ஏற்கெனவே கட்டிவிட்ட பில்லைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டால் அநேகமாக மறுப்புதான், ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய் என்றால் முன்னுரிமை கிடைக்கும். நாற்பதாயிரத்துக்கு வாங்கிய ஹஸ்கிக்கு உதவி கேட்டால் முகம் சுளிப்பார்கள். நியாயமா என்றால் நாய்க்கு நியாயமில்லைதான். ஆனால் அவர்கள் வாசலில் தினமும் அடிபட்டு வருகிற தெரு நாய்கள் இருக்கின்றன.

இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு மனுப் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வாரியத்தின் நிதி அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கும் கோசாலைகளுக்கும் போவது. தனிநபரின் பில்லுக்கு அங்கே வழியில்லை.

கேட்கும்போது அனுப்ப வேண்டியது: மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் தேதியிட்ட எஸ்டிமேட், அதில் நோயின் பெயரும், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்ற டாக்டரின் கருத்தும், அவருடைய கையெழுத்தும் பதிவு எண்ணும். கூடவே தடுப்பூசிப் புத்தகத்தின் படம், ரேஷன் கார்டு நகல், உங்கள் பங்காக எவ்வளவு கட்டுகிறீர்கள் என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாத மனுவைத்தான் முதலில் ஒதுக்குவார்கள். ஆதாரைக் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள். பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர் எழுதினால் டிரஸ்ட் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய நேரமாகவும் அது இருக்கலாம்.

எதுவும் நடக்கவில்லை என்று நாயை அமைப்பின் வாசலில் கட்டிவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பொதுவில் நிதி திரட்டுவது

15,000 போன்ற தொகைக்குத் தளம் எதுவும் தேவையில்லை, தெரிந்தவர் வட்டமே போதும். செய்தி இப்படி இருக்கட்டும்:

"மணி, 6 வயதுப் பெண் நாட்டு நாய், வேளச்சேரி. கருப்பையில் சீழ். வியாழன் காலை ஆபரேஷன். மொத்தம் 27,000, எங்களிடம் 12,000 இருக்கிறது, தேவை 15,000. மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்பலாம், குறிப்பில் மணியின் ஓ.பி. எண்ணை எழுதவும். எஸ்டிமேட்டும் ஸ்கேனும் கீழே. புதன் இரவு 9 மணிக்கு எவ்வளவு சேர்ந்தது என்று இங்கேயே சொல்கிறோம்."

கணக்கு எண்ணைப் படத்துக்குள்ளேயே, நாயின் முகத்துக்குக் குறுக்கே எழுதிவிடுங்கள். வெற்றுப் படத்தை எடுத்துத் தன் கியூஆர் கோடை ஒட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் உண்டு. "நிதி ஒதுக்கியாச்சு, பிராசஸிங் கட்டணம் 999 அனுப்புங்க" என்று யாராவது கூப்பிட்டாலும், பணம் பெறுவதற்கு யூபிஐ பின் கேட்டாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

தொகை லட்சத்தைத் தொட்டால் மிலாப், கெட்டோ மாதிரித் தளங்கள் உதவும். பான், வங்கிக் கணக்கு, மருத்துவமனை ஆவணம் கேட்பார்கள். பானில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று இனிஷியல் மாறியிருந்தால் பணம் எடுக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்ளும், அதை முதல் நாளே சரிபாருங்கள். சேர்ந்த பணம் அன்றே கைக்கு வராது. தளத்துக்கு டிப்ஸ் என்று நன்கொடையில் ஏதோ ஒரு பங்கு தானாகவே சேர்ந்து நிற்கலாம், அதைப் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம் என்று நன்கொடையாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

வரியையும் யோசிக்க வேண்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும். மருத்துவமனைக்கே நேராகப் போகட்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, முகம் தெரியாதவர்கள் அனுப்பும் தொகையில் ஒன்று மோசடிப் பணமாக இருந்தால் வங்கி உங்கள் கணக்கை நிறுத்திவைக்கக்கூடும். சம்பளக் கணக்கைக் கொடுக்காமல், சும்மா கிடக்கும் வேறு கணக்கைக் கொடுங்கள். 80ஜி என்று பழகிப்போன வரிச்சலுகை ரசீது கேட்கிறவர்களுக்கு உங்களால் தர முடியாது. அந்தப் பதிவு உள்ள டிரஸ்ட் வழியாக வந்தால்தான் உண்டு, அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை.

15,000 சேர்ந்ததும் வேண்டுகோளை நிறுத்திவிடுங்கள், பழைய செய்தியிலேயே "தொகை சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று எழுதுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் கடைசி பில்லின் படத்தையும் தையலோடு படுத்திருக்கும் மணியின் படத்தையும் போடுங்கள். மீதி 1,300 இருந்தால் தையல் பிரிக்கும் செலவு போக என்ன செய்யலாம் என்று கொடுத்தவர்களையே கேளுங்கள். மணி பிழைக்காமல் போனாலும் பில்லைப் போட வேண்டும். பல பேர் அப்போதுதான் மௌனமாகிவிடுகிறார்கள், அதே குழுவில் அடுத்த நாய்க்குக் கேட்கிறவருக்கு அந்த மௌனம்தான் எதிராக நிற்கிறது.