கிரேட் வெஸ்டர்ன் பலகைக்குள் எத்தனை சொல்?

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் ரயில் ஏறி நானுஓயா பக்கம் போனால், வட்டகொடை தாண்டி கிரேட் வெஸ்டர்ன் என்று ஒரு ஸ்டேஷன் வரும். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் சில நாள் எதிர் ரயிலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்படி ஒருநாள் கிடந்தபோது என் தங்கச்சி மகள் பெயர்ப்பலகையைப் பார்த்து, "மாமா, இந்த இங்கிலீஷ் பேருக்குள்ள எத்தனை சொல்லு இருக்கும்?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏழெட்டுச் சொல்தான் வந்தது. இப்போது சனிக்கிழமை பின்னேர வகுப்பில் பிள்ளைகள் இருபதைத் தாண்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் எழுதினால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து 'டி' என்றே ஆகிவிடுகிறது. அதனால் நம் ஊர்ப் பழைய பத்திரிகைக்காரர்கள் மாதிரி, 'டீச்சர்' என்ற சொல்லின் முதல் எழுத்தை 'ரி' என்றும், 'டோர்' என்பதன் முதல் எழுத்தை 'டி' என்றும் வைத்துக்கொள்வோம். 'பி'யிலும் இதே தொல்லை, ஆகவே அது வருகிற சொற்கள் பக்கமே நான் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். எழுத்து தேடுவது என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர அதற்குள் மூன்று வேறு வேறு கேள்வி இருக்கிறது. கையில் உள்ள எழுத்தை மட்டும் வைத்துச் சொல் கட்டுவது ஒன்று. சொன்ன எழுத்துகள் எங்கேயாவது இருந்தால் போதும், கூட வேறு எழுத்தும் வரலாம் என்பது இன்னொன்று. எழுத்துகள் அதே வரிசையில் ஒட்டியபடி வர வேண்டும் என்பது மூன்றாவது. இதில் எது கேட்கப்படுகிறது என்று பார்க்காமல் இறங்கித்தான் பாதிப் பேர் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு அந்த ஸ்டேஷன் பலகையையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12 எழுத்து. முதலில் எண்ணுங்கள்: ஈ 3, ஆர் 2, ரி 2, பிறகு ஏ, ஜி, டபிள்யூ, எஸ், என் ஒவ்வொன்று. இந்தக் கணக்கை எழுதி வைக்காமல் தொடங்கினால் இல்லாத எழுத்தைக் கடன் வாங்கிவிடுவோம். மழைநாள் ஒன்றில் தங்கச்சி மகள் 'வெதர்' என்று சந்தோஷமாக எழுதிவிட்டு, 'எச்' அட்டையைப் பாய்க்கு அடியில் எல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். அது பலகையிலேயே இல்லை! தேயிலைப் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதிக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் அட்டை தீர்ந்தால் எழுத்தும் தீர்ந்தது.

அட்டைகளை வரிசையாக வைக்காதீர்கள். வரிசையில் வைத்தால் கண் மறுபடி மறுபடி 'கிரேட் வெஸ்டர்ன்' என்றே வாசிக்கும். வட்டமாகப் பரப்பி, உயிரெழுத்துகளை நடுவில் போடுங்கள். அப்புறம் சொல்லின் வாலைப் பிடியுங்கள், இதுதான் என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது. ஈ-யையும் ஆர்-ஐயும் வலது பக்கம் ஒதுக்கி, மீதியை அதற்கு முன்னால் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் 'ஸ்வெட்டர்' வரும் (மலைநாட்டில் அது வராமல் போனால்தான் ஆச்சரியம்), 'வாட்டர்', 'ஸ்ட்ரேஞ்சர்', 'டீனேஜர்' எல்லாம் வரும். இரண்டு ஈ-யைச் சேர்த்து நடுவில் வையுங்கள், 'கிரீன்', 'ஸ்வீட்', 'ஸ்ட்ரீட்' மூன்றும் கிடைக்கும். ஏ, ரி, ஈ என்று முடியும் சொல் ஏதாவது? 'ஜெனரேட்'. ஈ, எஸ், ரி என்று முடிவது? 'கிரேட்டஸ்ட்'. கிடைத்த சொல்லில் எஸ் இல்லை என்றால், ஒதுங்கிக் கிடக்கும் எஸ்-ஐக் கடைசியில் ஒட்டிப் பாருங்கள், 'டீனேஜர்', 'ஜெனரேட்' இரண்டும் உடனே இரண்டிரண்டாகும்.

ஒரு சொல் கிடைத்ததும் அதையே குலுக்கவும் வேண்டும். ரி, ஈ, ஏ மூன்றும் சேர்ந்தால் நாம் குடிக்கிற 'டீ', அதே மூன்றில் சாப்பிடும் 'ஈட்', சாப்பிட்டு முடித்த 'ஏட்'. பெரிய சொற்களுக்கு எழுத்துகளை அகர வரிசையில் எழுதும் பழக்கம் நல்லது. 'லிசன்' என்ற சொல்லையும் 'சைலன்ட்' என்ற சொல்லையும் அப்படி எழுதினால் இரண்டுமே ஈ, ஐ, எல், என், எஸ், ரி என்றுதான் வரும். வரிசை ஒன்றாக இருந்தால் ஒன்றைக் குலுக்கினால் மற்றது. காதுக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத சொற்களைக்கூட இது பிடித்துவிடும்.

இரண்டாவது கேள்வியில், அதாவது சில எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும் என்னும்போது, எப்போதும் அரிதான எழுத்திலிருந்து தொடங்குங்கள். எது அரிது என்று தெரியாவிட்டால், எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் விளையாட்டு சொல்லித்தரும். அதன் 100 காய்களில் ஈ மட்டும் 12, ஏ-யும் ஐ-யும் தலைக்கு 9. ஆனால் கியூ, இசட், ஜே, எக்ஸ், கே எல்லாம் ஒவ்வொன்றுதான். ஈ, என், ஐ, எக்ஸ் உள்ள சொல் வேண்டும் என்றால் ஈ-யில் தொடங்கிக் கடலில் விழாமல் எக்ஸ் உள்ள சொற்களை நினையுங்கள், 'நெக்ஸ்ட்' சரிவராது, 'எக்ஸாம்' சரிவராது, 'மெடிசின்' சொல்லில் மற்ற மூன்றும் இருந்தாலும் எக்ஸ் இல்லை, 'எக்ஸாமின்' சரி. கியூ வந்தால் பெரும்பாலும் பக்கத்தில் யூ நிற்கும், அதையும் சேர்த்தே நினையுங்கள். உயிரெழுத்தே கொடுக்காமல் வை மட்டும் கொடுத்திருந்தால் 'ரிதம்' போன்ற சொல்லாக இருக்கலாம்.

மூன்றாவது வகை லேசானது. ஜி, எச், ரி ஒட்டி வர வேண்டுமா? 'நைட்', 'லைட்', 'டாட்டர்'. ரி, சி, எச்? 'கிச்சன்', 'வாட்ச்'. சத்தத்தை நம்பாமல் எழுத்துக்கூட்டலை நினைத்தால் போதும்.

இன்டர்நெட் சிக்னல் இருந்தால், இல்லை யாரிடமாவது லேப்டாப் இருந்தால், எக்செல் போதும். இலவசமாகக் கிடைக்கும் இங்கிலீஷ் சொற்பட்டியல் ஒன்றை இறக்கி, ஒரு வரிக்கு ஒரு சொல்லாக ஒரே பத்தியில் ஒட்டுங்கள். ஃபில்டர் போட்டு, அதில் 'கன்டெய்ன்ஸ்' என்ற வசதியில் வேண்டிய எழுத்தைக் கொடுங்கள். ஒரே தடவையில் இரண்டு நிபந்தனை கொடுக்கலாம், நடுவில் 'அண்ட்' தெரிவு செய்ய வேண்டும். 'ஓர்' என்று விட்டுவிட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். மூன்றாவது எழுத்து வேண்டுமென்றால் வந்ததைக் காப்பி செய்து இன்னொரு ஷீட்டில் ஒட்டி மறுபடி வடிகட்டுங்கள். ஒரே எழுத்து இரண்டு தடவை வர வேண்டுமா? ஈ, நட்சத்திரக் குறி, ஈ என்று இடைவெளி விடாமல் அடியுங்கள். குறுக்கெழுத்தில் இடம் தெரிந்த எழுத்து இருந்தால், தெரியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு, 'ஈக்குவல்ஸ்' என்ற தெரிவில் முழுச் சொல்லையும் கொடுங்கள்.

இப்படி வருகிற பட்டியலில் யாரும் பேசாத சொற்களும் நிறைய இருக்கும். அகராதியில் பொருள் பார்க்காத எதையும் எங்கள் வகுப்பில் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்காகச் சண்டையும் நடந்திருக்கிறது.

கிரேட் வெஸ்டர்னுக்கு அடுத்த ஸ்டேஷன் ரதல்ல. இங்கிலீஷ் பலகையில் ஏழே எழுத்து: ஆர், ஏ, டி, ஈ, எல், எல், ஏ. குசினிச் சாமான் ஒன்று அதற்குள் கிடக்கிறது, ஐந்து எழுத்து, எல்-இல் தொடங்கும், நான்காவது எழுத்தும் எல். நானுஓயா போய்ச் சேர்வதற்குள் கண்டுபிடியுங்கள்.